சிப்பாய்க் கத்தி

ஜோல்னாப் பையில் ஒரு மடக்குக் கத்தி இல்லாமல் நான் வெளியே கிளம்புவது அபூர்வம். பத்திரிகைக் கட்டுகளைச் சணலால் கட்டி அஞ்சலகத்துக்குத் தூக்கிப் போகிறவனுக்குச் சணலை அறுக்க ஏதாவது வேண்டும். பல்லால் கடித்து அறுத்த காலம் ஒன்று உண்டு. பல் இப்போது அதற்கு உடன்படுவதில்லை. இது தவிர பென்சில் சீவ, கொய்யா நறுக்க, தபாலில் வரும் புத்தகங்களின் மேலுறையைப் பிரிக்க. ஒரு நாளில் கத்தி வெளியே வரும் தடவைகளை எண்ணினால் பேனா வெளியே வருவதைவிட அதிகமாக இருக்கும். எழுதாத நாட்கள் கூடிவிட்டதும் இதற்கு ஒரு காரணம்.

என் பாட்டியின் சுருக்குப்பையில் பாக்குவெட்டி எப்போதும் இருந்தது. பனையேறி இடுப்பில் பாளை அரிவாளோடுதான் தெருவில் நடந்தார். இவர்களிடம் யாரும் எதற்கு என்று கேட்டதில்லை. கருவி எந்த வேலைக்கு என்பது அதன் உருவத்திலேயே எழுதியிருந்தது. கத்தி வைத்திருப்பவன் பதில் சொல்லியாக வேண்டும் என்ற நிலை பின்னால் வந்தது.

மரப்பிடி போட்ட என் பழைய பேனாக்கத்தி சாணை பிடித்துப் பிடித்துப் பாதியாகத் தேய்ந்துவிட்டதால் புதிதாக ஒன்று வாங்கப் போனேன். கடைக்காரர் கண்ணாடிப் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டவை எல்லாம் 'மிலிட்டரி'. கறுப்பு மெருகேற்றிய அலகு, பச்சையும் பழுப்புமாகத் திட்டுத் திட்டாகச் சாயம் பூசிய பிடி, அலகின் பாதிக்கு ரம்பப் பல், உளிபோல் சரித்து வெட்டிய முனை, பிடியின் அடியில் கண்ணாடி உடைக்க ஒரு கூர்க் குமிழ். ஒன்றில் மண்டையோடு. இன்னொன்றில் எந்த நாட்டுப் படைக்கும் சொந்தமில்லாத ஒரு கழுகு. விலை, நல்ல சாப்பாடு இரண்டு வேளைக்கு ஆகும் பணம்.

அந்தக் கறுப்புக் கத்தியைக் கையில் எடுத்துக் கட்டைவிரலால் தள்ளியபோது அலகு 'டக்'கென்று விரிந்து பூட்டிக்கொண்டது. என் முதுகும் கொஞ்சம் நிமிர்ந்தது. இதை மறைத்துவிட்டுக் கட்டுரை எழுதுவது போலித்தனம். படையில் சேராதவன், படையில் சேர்ந்தவர்களைப் பற்றி அரசாங்கம் சொல்வதை எல்லாம் சந்தேகிக்கிறவன், ஒரு தகரத் துண்டின் சப்தத்தில் ஒரு கணம் சிப்பாயாகிவிட முடிகிறது. இந்த ஆசை எங்கிருந்து வருகிறது என்பதைவிட, இந்த உருவம் எங்கிருந்து வருகிறது என்பதை விசாரிப்பது எளிது. அதைத்தான் செய்தேன்.

நிஜமான படைகள் தம் சிப்பாய்களின் பையில் போட்ட மடக்குக் கத்திகளில் உலகம் அறிந்தது ஸ்விட்சர்லாந்துடையது. 1890ஆம் ஆண்டு மாதிரி என்று அதற்குப் பெயர். கைக்கு வந்தது 1891இல். அதன் உருவத்தைத் தீர்மானித்தவை இரண்டு. சிப்பாய்க்குத் தகர டின்னில் அடைத்த உணவு வந்தது. அதைத் திறக்க வேண்டும். 1889ஆம் ஆண்டு மாதிரி ஷ்மிட்-ரூபின் துப்பாக்கி வந்தது. அதைக் கழற்றிச் சுத்தம் செய்யத் திருப்புளி வேண்டும். ஆகவே ஒரு அலகு, தோல் துளைக்க ஒரு தமரூசி, ஒரு டின் திறப்பான், ஒரு திருப்புளி. பிடி கருமையான மரம். எதிரி இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை. பசியும் துருவும்தான் வந்திருக்கின்றன.

இதில் வேடிக்கைகள் உண்டு. முதலில் தருவித்த 15,000 கத்திகள் ஜெர்மனியில் ஜோலிங்கனில் செய்தவை. அந்த அளவுக்குச் செய்து தரும் வசதி அன்று ஸ்விஸ் பட்டறைகளுக்கு இல்லை. ஷ்வீஸ் மாநிலத்தில் ஈபாக் என்ற ஊரின் கத்திக் கொல்லர் கார்ல் எல்ஸனர் மற்ற கொல்லர்களைச் சேர்த்துக்கொண்டு அந்த வேலையை உள்நாட்டுக்குக் கொண்டுவந்தார். 1897இல் அவர் பதிவு செய்த இன்னொரு கத்தி, சின்ன அலகும் தக்கை பிடுங்கும் திருகும் சேர்ந்தது, 'அதிகாரிகள் கத்தி' எனப்பட்டது. படை அதை ஏற்று வழங்கவில்லை; அதிகாரிகள் தம் காசில் வாங்கிக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கச் சிப்பாய்கள் வாய்க்குள் நுழையாத அதன் ஜெர்மன் பெயரை விட்டுவிட்டு 'ஸ்விஸ் ஆர்மி நைஃப்' என்று அழைக்க, அதுவே நிலைத்தது. இன்று நம் வீடுகளில் வெளிநாட்டு மாமாக்கள் கொண்டுவந்து கொடுக்கும் சிவப்புக் கத்தி இந்த வம்சம். அதாவது 'ராணுவக் கத்தி' என்று உலகம் அறிந்தது ராணுவம் வழங்காத கத்தியை. வழங்கிய கத்தியில் தக்கைத் திருகு கிடையாது.

மற்ற படைகளின் கதையும் ஏறக்குறைய இதுதான். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் மடக்குக் கத்தியில் ஒரு மொண்ணை முனை அலகு, டின் திறப்பான், சிலவற்றில் கயிற்று முடிச்சு நெகிழ்த்த ஒரு ஆணி. அமெரிக்கச் சிப்பாயின் எஃகுக் கத்தியில் பிடி முழுதும் உலோகம், 'யு. எஸ்.' என்று இரண்டெழுத்து, உள்ளே மறுபடியும் அதே நான்கு: அலகு, டின், புட்டி, துளை.

கொல்வதற்கென்றே செய்த கத்தியும் உண்டு. ஷாங்காய் போலீசில் வேலை பார்த்த ஃபேர்பேர்ன், சைக்ஸ் என்ற இருவர் வடிவமைத்து 1941 முதல் பிரிட்டிஷ் கமாண்டோக்களுக்காக வில்கின்சன் கம்பெனி செய்த குத்துவாள். அது மடங்காது. இருபுறமும் கூர், மெல்லிய நீண்ட அலகு. அதில் ஒரு ஆப்பிளைச் சீவ முடியாது. சீவ முடியும் என்று அது பாசாங்கு செய்வதும் இல்லை. பார்த்தால் வயிற்றைப் பிசைகிறது. ஆனால் உருவமும் காரியமும் ஒன்றாக இருக்கிற பொருள் அது, அந்த அளவில் அதற்கு ஒரு நேர்மை இருக்கிறது.

கடைக்காரர் காட்டியவை இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ பிறந்தவை. குத்துவாளிடமிருந்து நிறத்தையும் மிரட்டலையும் வாங்கிக்கொண்டு, சிப்பாயின் கத்தியிடமிருந்து மடங்குவதை மட்டும் வாங்கிக்கொண்டு, இரண்டின் வேலையையும் விட்டுவிட்டவை. ரம்பப் பல்லுக்கு நியாயம் உண்டு: கயிறு, கச்சை வார் அறுக்க அது நல்லது. ஆனால் வீட்டுச் சாணைக்கல்லில் அதைத் தீட்ட முடியாது, மழுங்கினால் மழுங்கியதுதான். உளிமுனையால் பழத்தோல் சீவுவது வித்தை. மலிவான பூட்டு, அழுத்தம் தாங்காமல் நழுவினால் அலகு வந்து விழுவது விரல் மேல். பூட்டே இல்லாத கத்தியில் வில்தான் அலகைப் பிடித்து நிற்கிறது என்பது கைக்குத் தெரியும். கை அதற்கேற்ப நடந்துகொள்ளும்.

பேனாவை வாள் என்றும் சொல்லை வெடிகுண்டு என்றும் எழுதிக் குவித்த நம் கவிஞர்களைப் பற்றி இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. அந்த வரிகளும் இதே கண்ணாடிப் பெட்டியில் இருக்க வேண்டியவை. ஆயுதத்தின் தோரணை இருக்கிறது. ஒரு சணலைக்கூட அறுப்பதில்லை.

உருவம் வெறும் ரசனை விவகாரம் என்று சொல்கிறவர்களுக்காக இதையும் எழுத வேண்டும். சில வருஷங்களுக்கு முன் ஒரு இலக்கியக் கூட்டம் முடிந்து, கவிஞரான நண்பர் ஒருவரும் நானும் நள்ளிரவில் ஒரு சிறு நகரத்துப் பேருந்து நிலையத்தில் காத்திருந்தோம். அன்று ஊரில் ஏதோ கலவரம்; எல்லோர் பைகளையும் சோதித்தார்கள். நண்பரின் பையில் ஒரு கறுப்புக் கத்தி, பிறந்த நாளுக்கு மருமகன் கொடுத்தது. என் பையில் மரப்பிடிப் பேனாக்கத்தி. இரண்டையும் மேஜை மேல் வைத்தார் காவலர். ஏறத்தாழ ஒரே நீளம். கூர் என்று பார்த்தால் என்னுடையதுதான் அதிகம். நண்பர் அவருடையதைத் தீட்டியதே இல்லை.

"இது என்ன சார், ரௌடி வச்சிருக்கிற மாதிரி?" என்று நண்பரைக் கேட்டார். என்னுடையதைப் பிரித்துப் பார்த்து, "பழம் நறுக்கவா?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நண்பர் தாம் கவிஞர் என்பதைச் சொன்னார். அது உதவவில்லை. காலையில் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒரு பேப்பரில் பெயர் எழுதிக்கொண்டார்கள். நண்பர் போகவில்லை. பேருந்தில் வெகு நேரம் பேசாமல் வந்தவர் விழுப்புரம் தாண்டியதும், "நம்ம முகத்தையும் அது மாத்திடுது, இல்ல?" என்றார்.

அந்தக் காவலர் விமர்சகர் வேலைதான் செய்தார். நம் சட்டமும் கிட்டத்தட்ட அப்படியே பார்க்கிறது. ஆயுதச் சட்டத்தின் கீழுள்ள விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. ஆனால் வீடு, விவசாயம், விஞ்ஞானம், தொழில் ஆகியவற்றுக்காக வடிவமைக்கப்பட்டவை நீங்கலாக. நீளத்தை அளக்க ஸ்கேல் போதும். எதற்காக வடிவமைக்கப்பட்டது என்று அளக்க எதைப் பிடிப்பது? பிரிட்டனில் 1988ஆம் வருஷத்துச் சட்டம், மூன்று அங்குலத்துக்கு மேற்படாத மடக்குக் கத்தியைப் பொது இடத்தில் வைத்திருக்க அனுமதிக்கிறது. ஆனால் அலகு பூட்டிக்கொண்டால் அது மடக்குக் கத்தியே அல்ல என்று நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அந்த 'டக்' சப்தத்தை அங்கே நீதிபதிகளும் கேட்டிருக்கிறார்கள்.

என் வாதத்துக்கு இடைஞ்சலான ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விடக்கூடாது. ஸ்விஸ் படையே 2008இல் கத்தியை மாற்றிக்கொண்டது. ஏழு கம்பெனிகள் போட்டியிட்டன. வென்றது எல்ஸனர் ஆரம்பித்த அதே விக்டோரினாக்ஸ். 75,000 கத்திகள். ஆலிவ் பச்சைப் பிடியில் கறுப்புப் பட்டை, 111 மில்லிமீட்டர் நீளம், அலகில் ரம்பப் பல், ஒற்றைக் கையால் திறக்க ஒரு துளை, திறந்ததும் பூட்டு. கடைக்காரரின் பெட்டியிலிருந்து படை கற்றுக்கொண்டதோ என்று தோன்றும். ஒரு கையால் எதையோ தாங்கிக்கொண்டிருப்பவன் மறு கையால் கயிறறுக்க வேண்டியிருக்கும் என்பது நிஜமான தேவைதான். நான் அந்தத் தேவையை மறுக்கவில்லை. என் சணலுக்கு இரண்டு கையும் ஓய்வாக இருக்கிறது என்பதைத்தான் சொல்கிறேன். இன்னொரு வேடிக்கை, அதே 2008 ஏப்ரலில் ஜெர்மனி, ஒற்றைக் கையால் திறந்து பூட்டிக்கொள்ளும் கத்திகளைத் தக்க காரணமின்றி வெளியே எடுத்துச் செல்வதைத் தடை செய்தது. எல்லைக்கு இந்தப் பக்கம் சிப்பாயின் சீருடையில் சேர்ந்தது, அந்தப் பக்கம் தெருவில் குற்றமாயிற்று.

நான் தேர்ந்தது இதற்கு முந்தையதை. 1961ஆம் ஆண்டு மாதிரி. 93 மில்லிமீட்டர், பிடி சொரசொரப்பான கட்டம் போட்ட அலுமினியம், எழுபது கிராமுக்குச் சற்று மேல் எடை. 1891இல் இருந்த அதே நான்கு காரியங்கள். பூட்டு கிடையாது. எஃகு அப்படியொன்றும் கடினமில்லை. சீக்கிரம் மழுங்கும், அம்மிக் குழவி கொத்துகிறவர் விட்டுப்போன கல்லில்கூடச் சீக்கிரம் கூராகும். இதே உருவத்தில் புதியதும் 'பயனியர்' என்ற பெயரில் கிடைக்கிறது. எனக்குப் பழையதே வேண்டும் என்றிருந்தது. அலகின் அடியில் செய்த வருஷத்தைப் பொறித்திருப்பார்கள்; என்னுடையதில் 78. பிடியில் யாரோ ஆணியால் கீறிய இரண்டு எழுத்துகள். சேவை முடிந்தபின் சிப்பாயே கத்தியை வைத்துக்கொள்ளலாம் என்பதால் இவை சந்தைக்கு வருகின்றன.

அந்தக் கத்தி பிறந்ததிலிருந்து ஸ்விஸ் படை வேறொரு நாட்டின் மேல் போருக்குப் போனதில்லை. இரண்டு உலகப் போர்களிலும் எல்லையில் காத்து நின்றது. 1940இல் ஜெர்மன் விமானங்களோடு சில மோதல்கள். சண்டை போடாத படையின் கத்தி என்பதால்தான் இதைத் தேர்ந்தாயா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கிறது.

இதை வாங்கி வந்தது ஜெனீவாவில் வேலை பார்க்கும் நண்பரின் மைத்துனர். புதனும் சனியும் அங்கே பிளான்பாலே மைதானத்தில் பழம்பொருள் சந்தை கூடும். அங்கே ஒரு துணி மேல் பரப்பியிருந்த இருபது முப்பது கத்திகளிலிருந்து பொறுக்கினாராம். 1932 நவம்பர் 9 அன்று அந்தப் பக்கத்தில்தான், பாசிச எதிர்ப்பு ஆர்ப்பாட்டத்துக்கு வந்த கூட்டத்தின் மேல் ராணுவம் சுட்டது. சுட்டவர்கள் பயிற்சியில் இருந்த இளம் சிப்பாய்கள். செத்தவர்கள் பதின்மூன்று பேர், காயம்பட்டவர்கள் அறுபதுக்கு மேல். சிப்பாய்களின் பையில் அன்று 1908ஆம் ஆண்டு மாதிரி இருந்திருக்கும், துப்பாக்கியைக் கழற்றித் துடைக்க. மைதானத்தின் ஓரத்தில் செத்தவர்களுக்காக ஒரு கல் நட்டிருக்கிறார்கள். மைத்துனர் அதைக் கவனிக்கவில்லை. அடுத்த முறை போகும்போது பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.