பெயர்ப்பலகைகள் கற்றுத்தந்த தமிழ்

பிழைப்பைத் தேடிப் பம்பாய்க்கு வந்த நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்கு, மே மாதம் என்றாலே ஊர்ப் பயணம்தான். 1960களின் பிற்பகுதியில் அது மூன்று இரவுகள் நீண்ட யாத்திரை. புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை, தாராவியிலிருந்த எங்கள் ஒற்றை அறை வீட்டுக்குப் போதகர் வந்து ஜெபித்துச் செல்வார். மறுநாள் தகரப் பெட்டி, படுக்கைச் சுருள், தண்ணீர்க் கூஜா, வாழையிலையில் கட்டிய புளிச்சோறு ஆகியவற்றோடு விக்டோரியா டெர்மினஸ் போய்ச் சேர்வோம். இன்று அந்நிலையத்தின் பெயர் சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்.

அங்கிருந்து சென்னை சுமார் 1,280 கிலோமீட்டர். புனே வரை மின்சாரப் பாதை. கர்ஜத்தில் ரயிலின் பின்புறம் கூடுதல் இன்ஜின்களைச் சேர்த்து, போர் மலைச்சரிவில் மேலே தள்ளுவார்கள். புனேக்கு அப்பால்தான் எங்களுக்குப் பிடித்தமான நீராவி இன்ஜின் வந்து சேரும். அதன் பெருமூச்சைக் கேட்டதும் பிள்ளைகள் ஜன்னலுக்குப் போட்டியிடுவோம். சற்று நேரத்தில் யாராவது ஒருவர் கண்ணில் கரித்தூள் விழுந்துவிடும். அம்மா முந்தானையை உருட்டி, வாயால் ஊதிச் சூடேற்றி, கண்ணில் ஒற்றியெடுப்பார்.

நீராவி இன்ஜினுக்குக் கரி மட்டும் போதாது. வழியில் அடிக்கடி தண்ணீரும் வேண்டும். பெரிய நிலையங்களில் தண்டவாளத்தின் அருகே நிற்கும் பருத்த குழாயைத் திருப்பி, இன்ஜினின் தொட்டியை நிரப்புவார்கள். அதுவரை ரயில் நகராது. பிரயாணிகள் பலர் சலித்துக்கொள்ளும் அந்த நேரத்தை அப்பா வீணாக்கியதே இல்லை. எங்களைக் கீழே இறக்கி, மஞ்சள் நிறப் பெயர்ப்பலகையின் முன் நிறுத்துவார்.

ஷோலாப்பூரில் தேவநாகரி எழுத்து. குல்பர்காவிலும் ராய்ச்சூரிலும் கன்னடம். பம்பாயிலிருந்து போட்டுவந்த பாதையும் சென்னையிலிருந்து போட்டுவந்த பாதையும் 1871இல் ஒன்று சேர்ந்தது ராய்ச்சூரில்தான் என்பதை அப்பா ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் சொல்வார். குண்டக்கல்லில் தெலுங்கு. ரேணிகுண்டாவைக் கடந்து திருத்தணி வந்ததும் பலகையில் தமிழ் தோன்றும். ஆங்கிலப் பள்ளியில் படித்த எங்களுக்கு அவ்வெழுத்துக்கள் படங்களைப் போலவே தெரிந்தன. "எழுத்துக்கூட்டி வாசிம்மா, அவசரமில்லை" என்பார் அப்பா.

சென்னை சென்ட்ரலில் அகலப் பாதை முடிந்துவிடும். தெற்கே செல்வது ஒரு மீட்டர் அகலமே கொண்ட பாதை என்பதால், மூட்டை முடிச்சுகளோடு எழும்பூருக்குப் போய் வேறு ரயில் ஏற வேண்டும். மறுநாள் காலையில் விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, மணியாச்சி என்று பாடம் தொடரும். திருநெல்வேலியில் மீண்டும் இறங்கி, திருச்செந்தூர் செல்லும் சிறிய நீராவி ரயிலில் ஏறுவோம். 1923இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் தாமிரபரணியைக் கடந்ததும் பாளையங்கோட்டை, ஸ்ரீவைகுண்டம், ஆழ்வார்திருநகரி என்று நிலையங்கள் வரும். தமிழின் 'ழ'வை நான் கற்றது ஆழ்வார்திருநகரிப் பலகையில்தான். அடுத்து நாங்கள் இறங்கும் ஊர். சுவிசேஷத்தில் கேட்டறிந்த பெயர் அங்கே தமிழில் எழுதியிருக்கும்: நாசரேத்.

ஒன்பதாவது வயதில் அப்பலகையை எவர் உதவியுமின்றி வாசித்தேன். அன்றிரவு குடும்ப ஜெபத்தில் அப்பா வேதாகமத்தை என் கையில் கொடுத்தார். ஆச்சிக்கு அப்போது இரு கண்களிலும் புரை விழுந்திருந்தது. பிறர் வாசித்தால்தான் அவளுக்கு வசனம். 121ஆம் சங்கீதத்தை அரிக்கேன் விளக்கொளியில் தட்டுத்தடுமாறி வாசித்து முடித்தேன். "எம் பேத்தி வேதம் வாசிக்கா!" என்று என் முகத்தைத் தடவிப் பார்த்தாள் ஆச்சி. அந்த விடுமுறை முழுவதும் காலையில் பதநீரும் மாலையில் சங்கீதமுமாகக் கழிந்தது. திரும்புகையில் கருப்பட்டியும் முதலூர் மஸ்கோத் அல்வாவும் கட்டிக் கொடுத்தாள்.

காலம் மாறிவிட்டது. சித்தரஞ்சன் தொழிற்சாலை தன் கடைசி நீராவி இன்ஜினை 1972இல் செய்து முடித்தது. திருச்செந்தூர்ப் பாதை 2008இல் அகலப் பாதையாயிற்று. இன்று மும்பையில் ஏறினால் ரயில் மாறாமலே திருநெல்வேலியில் இறங்கலாம். நீராவி இன்ஜினைப் பிள்ளைகளுக்குக் காட்ட விரும்புவோர், 1899இல் திறக்கப்பட்ட மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதைக்குச் செல்லலாம்.

புகையும் கரியும் போனதில் வருத்தமில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் மூன்று நாள் ஒன்றாக அமர்ந்திருந்த அந்த நேரம் போனதே இழப்பு. நகரத்துத் தமிழ்ச் சபைகளில் நம் வாலிபர் பலர் தமிழ்ப் பாடல்களை ஆங்கில எழுத்தில் வாசித்தே பாடுகிறார்கள். ஊரிலிருக்கும் தாத்தா, பாட்டியிடம் தொலைபேசியில் ஒரு "ஸ்தோத்திரம்" சொன்னபின் அவர்களுக்கு வார்த்தை கிடைப்பதில்லை. தன் பேரப்பிள்ளையின் வாயால் ஒரு வசனம் கேட்க ஏங்கும் முதியவர்கள் எத்தனை பேர்!

யோர்தானைக் கடந்த இஸ்ரவேலர் ஆற்றின் நடுவிலிருந்து பன்னிரண்டு கற்களை எடுத்துவந்து கில்காலில் நாட்டினார்கள். பின்வரும் பிள்ளைகள் இவை என்னவென்று கேட்கும்போது, கர்த்தர் நடத்திவந்த வழியைப் பெரியவர்கள் எடுத்துச் சொல்வதற்காகவே அவை நிறுத்தப்பட்டன என்று யோசுவா 4ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். பிள்ளைகள் கேட்பதற்கு ஓர் அடையாளமும், பெரியவர்கள் சொல்வதற்கு நேரமும் வேண்டும்.

பிரியமான பெற்றோரே, வருகிற விடுமுறையில் ஊருக்குச் செல்லும்போது ஒருமுறையாவது விமானத்தை விட்டு ரயிலில் செல்லுங்கள். கைப்பேசிகளைப் பைக்குள் வையுங்கள். உங்கள் தகப்பன் எந்த ஆண்டில், எந்த நெருக்கத்தில் ஊரைவிட்டு வந்தார், தேவன் அவரை எப்படித் தாங்கினார் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். திருத்தணி வரும்போது அவர்களை எழுப்புங்கள். மஞ்சள் பலகைகள் இன்றும் நின்றுகொண்டுதான் இருக்கின்றன.