போகாத ஊருக்கு வழி

‘போகாத ஊருக்கு வழி சொல்லாதே’ என்று பெரியவர்கள் அதட்டுவார்கள் அல்லவா? மூன்று வருஷமாக நான் அந்தக் காரியத்தைத்தான் செய்கிறேன். அதற்குக் காசும் வாங்குகிறேன். இல்லாத கோட்டைக்கும், இல்லாத காட்டுக்கும், இல்லாத ஊருக்கும் துணியில் வழிப்படம் போட்டுக் கொடுக்கிறேன். யார் வாங்குகிறார்கள் என்கிறீர்களா? நன்றாகப் படித்து, பெங்களூரிலும் சென்னையிலும் உத்தியோகம் பார்க்கிற பிள்ளைகள்தான்!

முதலில் அந்த விளையாட்டைச் சொல்லிவிடுகிறேன். எனக்கே புரிய ஒரு மாதம் பிடித்தது. ஐந்தாறு பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்காருவார்கள். ஒருவர் கதை சொல்பவர். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்வார்கள்: ஒருத்தி வைத்தியச்சி, ஒருவன் வில்லாளி, ஒருவன் திருடன். ‘எதிரே இருட்டுக் குகை. என்ன செய்யப் போகிறீர்கள்?’ என்று கதை சொல்பவர் கேட்பார். அவரவர் புத்திக்கு எட்டியதைச் சொல்லி, தாயக்கட்டை மாதிரி காய் உருட்டுவார்கள். நம் தாயக்கட்டைக்கு நாலு பக்கம். அதற்கு இருபது பக்கம்! விழுகிற எண்ணைப் பொறுத்துக் கதை நகரும். நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம் போகும். அத்தனை நேரமும் யாரும் செல்போனைத் தொடுவதில்லை. அதற்காகவே எனக்கு இந்த விளையாட்டின்மேல் நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டது.

இதன் முதல் அச்சு விளையாட்டு ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’. 1974-ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் உண்டாக்கியது. கைகாக்ஸ் இன்ஷூரன்ஸ் வேலை போய், வீட்டு நிலவறையில் செருப்புத் தைத்துக் குடும்பம் நடத்திய மனிதர். முதலில் ஆயிரம் பிரதிகள்தான் போட்டார்கள். பெட்டிகளை வீட்டில் வைத்தே கையால் அடுக்கினார்களாம். இதைக் கேட்டதும் என் வீட்டுக்காரர், “அப்போ அவங்களும் உன்னை மாதிரி ஹாலை அடைச்சு வெச்சுக்கிட்டவங்கதானா?” என்றார்.

எங்கள் ஊர் காரிமங்கலம். தருமபுரியிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகிற வழியில் இருக்கிறது. நான் பத்தாம் வகுப்போடு நின்றவள். கோலம் போடுவேன், ரவிக்கைக்குப் பூ வேலை செய்வேன். என் மாமியாரிடம் துணியில் எழுதிய பழைய பரமபதப் படம் ஒன்று உண்டு. வைகுண்ட ஏகாதசி ராத்திரி கண் விழிக்க அதைத்தான் விரிப்போம். அது நைந்துபோனதால் அத்தை சொல்லச் சொல்ல அதே மாதிரி புதிதாக ஒன்று எழுதினேன். 132 கட்டம், ஒவ்வொரு பாம்புக்கும் ஒரு அசுரன் பெயர். அதைப் பார்த்த என் தங்கை மகன்தான், “பெரியம்மா, இதே மாதிரி எங்க கேமுக்கு ஒரு மேப் போட்டுத் தர முடியுமா?” என்று ஆரம்பித்து வைத்தான்.

இதெல்லாம் நமக்குப் புதிது இல்லை, சகோதரிகளே. நம் தேசத்துப் பாம்புக் கட்டம்தான் 1892-ல் இங்கிலாந்தில் ‘ஸ்னேக்ஸ் அண்ட் லேடர்ஸ்’ என்று வெளியானது. நம் பச்சீசிதான் 1896-ல் லூடோ ஆயிற்று. மைசூர் மகாராஜா மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் தாமே புதுப்புதுக் கட்ட ஆட்டங்களை வகுத்தவர். அந்த மைசூரில் ராம்சன்ஸ் கலா பிரதிஷ்டானம், பழைய ஆட்டங்களைப் பல ஊர்க் கைவினைஞர்களைக் கொண்டு துணியிலும் மரத்திலும் செய்யவைத்துக் கண்காட்சி நடத்தி வந்திருக்கிறது. சென்னையில் வினிதா சித்தார்த்தா 2002-ல் ‘கிரீடா’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, பரமபதம், பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் எல்லாவற்றையும் மறுபடி கடைக்குக் கொண்டுவந்தார். ஆட்டக் கட்டம் எழுதுவதும் ஒரு தொழில்தான் என்று அவர்களைப் பற்றிப் படித்த பிறகே எனக்குத் தைரியம் வந்தது.

இன்னொருவரைப் பற்றியும் சொல்ல ஆசை. கேரன் வின் ஃபான்ஸ்டாட் என்ற அமெரிக்கப் பெண்மணி, இரண்டு குழந்தைகளின் தாய். டோல்கீன் எழுதிய கதைகளில் வரும் கற்பனை உலகம் முழுவதற்கும் பூகோளப் படங்கள் வரைந்து 1981-ல் புத்தகமாக்கினார். யார் எத்தனை நாள் நடந்தார்கள், எந்த மலை எவ்வளவு உயரம் என்றெல்லாம் கணக்கிட்டு வரைந்தவர். பிறகு 1987-லும் 1990-லும் நான் சொன்ன அந்த விளையாட்டுக் கம்பெனிக்கே அதன் கற்பனை தேசங்களுக்குப் படப் புத்தகங்கள் போட்டுக் கொடுத்தார். 2005-ல் காலமானார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் எந்த நேரத்தில் வரைந்திருப்பார் என்று நினைத்துப் பார்ப்பேன். நம்மைப்போல மத்தியானம்தான் இருக்கும்!

இனி வேலைக்கு வருவோம். காடா துணியை இரண்டு நாள் ஊறவைத்து, தறிக்கஞ்சி போக அலசிக் காயவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எழுதிய பிறகு சுருங்கிக் கட்டமெல்லாம் கோணிவிடும். கட்டம் ஒவ்வொன்றும் சரியாக ஓர் அங்குலம். விளையாட்டுக் கணக்கில் ஓர் அங்குலம் என்றால் ஐந்து அடி. 36-க்கு 24 அங்குலப் படத்தில் 864 கட்டம் வரும். அதாவது 180 அடிக்கு 120 அடி இடம். ஸ்கேல் வைத்து ஒவ்வொன்றாக இழுத்தால் விடிந்துவிடும். நான் கெட்டிக் காகிதத்தில் ஓர் அங்குலத்துக்கு ஒரு ஊசித் துளை போட்டு வைத்திருக்கிறேன். மேலே சாக்பீஸ் தூள் மூட்டையைத் தட்டினால் துணியில் புள்ளி புள்ளியாக விழும். நேர்ப்புள்ளிக் கோலம் போடத் தெரிந்தவளுக்குப் பிறகு என்ன கஷ்டம்! துணி வர்ணத்தால் எழுதி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, பின்பக்கம் இஸ்திரி போட்டால் சாயம் நிற்கும்.

கையை விட மூளைக்குத்தான் வேலை அதிகம். ஒரே வழியில் போய் ஒரே வழியில் வருகிற மாதிரி எழுதினால் ஆட்டம் செத்துவிடும். வாசல் இருந்தால் கொல்லை இருக்க வேண்டும். கொல்லையிலிருந்து கிணற்றடிக்கும், கிணற்றடியிலிருந்து சுரங்கத்துக்கும் போக வேண்டும். எதிரி ஒரு பக்கம் மறித்தால் இன்னொரு பக்கம் சுற்றி வரலாம். கூட்டுக் குடும்பத்தில் இருந்தவளுக்கு இந்தக் கலை தெரியாதா! அத்துடன் ஒவ்வொரு படத்துக்கும் இரண்டு பிரதி எழுத வேண்டும். கதை சொல்பவருக்கு ஒன்று. அதில் ரகசியக் கதவு, பொறி எல்லாம் இருக்கும். ஆடுகிறவர்களுக்கு ஒன்று, அதில் வெறும் சுவர்தான்.

என் படங்களில் அதிகம் விலை போனது நடுகல் படம். தருமபுரி அருங்காட்சியகத்தில் நடுகற்களைப் பார்த்திருப்பீர்கள். எங்கள் ஜில்லாவில் பல்லவர் காலத்து வட்டெழுத்தோடுகூட நடுகற்கள் கிடைத்திருக்கின்றன. மாடு கவர வந்தவர்களோடு சண்டை போட்டு மடிந்தவர்களுக்கு நட்ட கற்கள் பல. அதையே ஆட்டமாக்கினேன். நடுவில் மாட்டுப்பட்டி, ஒரு பக்கம் ஓடை, ஒரு பக்கம் காடு, ஊர் எல்லையில் பெயர் எழுதாத ஒரு கல். அந்தக் கல்லில் யார் பெயர் வரும் என்பதுதான் ஆட்டம். பெங்களூர்ப் பிள்ளைகள் அந்த ராத்திரி தூங்கவே இல்லையாம்.

விலை வைக்கத்தான் நான் திண்டாடினேன். முதல் படத்துக்கு 500 ரூபாய் வாங்கினேன். துணி, வர்ணம், தபால் சேர்த்து 210 போக மிச்சம் 290. இரண்டு பிரதிக்கும் சேர்த்து உழைப்பு 12 மணி நேரம். “புளி கொட்டை எடுக்கப் போனா இதைவிட மேல்” என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. தங்கை மகன்தான் 1,400 கேட்கச் சொன்னான். கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டேன், மறுபேச்சில்லாமல் கொடுத்தார்கள். இப்போது மணிக்கு நூறு ரூபாய்க்குச் சற்றுக் குறைவாக நிற்கிறது. மாதம் மூன்று படத்துக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. எனக்கு வயது 44, வெள்ளெழுத்து வந்தாயிற்று. குனிந்தே எழுதினால் கழுத்து பிடித்துக்கொள்கிறது. பலகையைச் சாய்த்து வைத்து, அரைமணிக்கு ஒருதரம் எழுந்து, ஜன்னல் வழியே மலைக்கோவிலைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவேன். கிட்டத்தையே பார்க்கும் கண்ணுக்குத் தூரத்தைப் பார்ப்பது ஓய்வு.

போன வருஷம் வீட்டில் ஒரு சங்கடம் வந்தது. வெளியூர் வியாபாரி ஒருவர் என் படங்களைப் பார்த்துவிட்டு வந்தார். பரமபதம், நடுகல் உள்பட ஒன்பது மாதிரிகளுக்கும் மொத்தமாக 15,000 ரூபாய் தருகிறேன். பிளாஸ்டிக் பேனரில் அச்சடித்து விற்பேன். அப்புறம் அந்த மாதிரிகளை நீங்கள் எழுதக் கூடாது என்றார். அந்த மாதம்தான் பெண்ணுக்குக் காலேஜ் பீஸ் 18,000 கட்ட வேண்டும். “முழுசாப் பதினஞ்சாயிரம் வருது, என்ன யோசனை?” என்றார் இவர். அவர் சொன்னது தப்பென்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் ‘எழுதக் கூடாது’ என்ற வார்த்தை தொண்டையில் முள்ளாக நின்றது. விற்கிற ஒவ்வொன்றுக்கும் இவ்வளவு என்று கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். வியாபாரி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அத்தையிடம் போய், “பரமபதம் உங்க கையிலிருந்து வந்தது. நீங்க சொல்லுங்க” என்றேன். அத்தைக்கு எண்பது வயது. “பாம்பும் ஏணியும் யார் வீட்டுச் சொத்தும் இல்லே. எங்கம்மா போட்டா, நான் போட்டேன், நீ போடறே. நாளைக்கு உம் பொண்ணு போடணும்னா யாரு கிட்டே போய்க் கேக்கறது?” என்றார். இவர் ஒன்றும் பேசவில்லை. இரண்டு நாள் பேசவில்லை!

இருபதாயிரம் ரூபாய்ச் சீட்டை 3,500 தள்ளி எடுத்தேன். கைக்கு வந்தது 16,500. மீதியை டப்பாவிலிருந்து போட்டு பீஸைக் கட்டினோம். அந்த 3,500 நஷ்டம் நஷ்டம்தான். அதற்குப் பிறகு அந்த ஒன்பது மாதிரிகளில் மட்டும் எனக்கு மிஞ்சியது இதுவரை 11,000 ரூபாய். பதினைந்தாயிரம் இன்னும் ஆகவில்லை. இவர் காலண்டரில் கணக்கு எழுதிக்கொண்டு வருகிறார். நானும் என் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டும் ஒத்துப் போகிறதா என்று மாதக் கடைசியில் அவரே வந்து கேட்கிறார். பலகையைச் சாய்த்து வைக்கக் கட்டை அறுத்துக் கொடுத்ததும் அவர்தான்.

பெண் லீவுக்கு வந்தால் ஓரத்துப் பூ எழுதித் தருகிறாள். அவள் கோடு என் கோட்டை விட நேர். ஆனால் பாம்புக்குக் கண் வைக்கத் தெரியவில்லை; அதை அத்தை சொல்லித் தருகிறார்.

இப்போது சென்னையிலிருந்து வந்திருக்கிற ஆர்டர் ஹொகேனக்கல் மாதிரி ஓர் அருவி. பாறை இடுக்கில் பரிசல் போக வேண்டும், அருவிக்குப் பின்னால் ஒரு குகை இருக்க வேண்டும், தண்ணீர் ஏறினால் அடைபட்டுப்போகிற பாதை ஒன்றும் வேண்டுமாம். தண்ணீர் ஏறுவதைத் துணியில் எப்படிக் காட்டுவது? மெல்லிய நீலத் துணி ஒன்றைத் தனியாக வெட்டி, மேலே விரித்து எடுக்கிற மாதிரி செய்யலாம் என்று நினைத்திருக்கிறேன். பழைய நைலக்ஸ் புடவை ஒன்று பெட்டியில் கிடக்கிறது. சாயம் போகாதா என்று இன்று ராத்திரி ஒரு மூலையை நனைத்துப் பார்க்க வேண்டும்.