எங்கள் காரின் பிரேக்

எங்கள் வீட்டில் 1986-ஆம் ஆண்டு மாடல் அம்பாசிடர் கார் ஒன்று உண்டு. உத்தர்பாராவிலிருந்த தொழிற்சாலை 2014-இல் அம்பாசிடர் செய்வதை நிறுத்திவிட்டது. அப்பா மட்டும் இதை விடுவதாக இல்லை.

சென்ற மே மாதம் பாட்டியை ஏற்காட்டுக்கு அழைத்துச் சென்றுவிட்டுத் திரும்பினோம். 20 கொண்டை ஊசி வளைவுகளில் பாதிக்கு மேல் இறங்கியிருப்போம். அப்பா பிரேக்கை மிதித்தார். பெடல் தரைவரை போய்விட்டது! பாட்டி செபமாலையைப் பற்றிக்கொண்டு "மாதாவே!" என்று அலறினார். அப்பா கியரை இரண்டுக்கு மாற்றி, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினார். ஹேண்ட் பிரேக் கம்பியால் இழுபடுவது. அதற்கு ஆயில் தேவையில்லை. அதுதான் எங்களைக் காப்பாற்றியது. (பாட்டி இதை ஒப்புக்கொள்ளமாட்டார்.)

அரை மணி கழித்து மிதித்தால் பிரேக் நன்றாகவே பிடித்தது. மறுநாள் ஒரு ஒர்க்ஷாப்பில் காட்டினோம். கசிவு இல்லை, லைனிங் தேயவில்லை. "வண்டியில் ஒன்றுமில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அடுத்த மாதமும் மலையில் அப்படியே ஆயிற்று. அம்மா இனி அதில் ஏறமாட்டேன் என்றார். காரை விற்றுவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

அறிவியல் வகுப்பில் சிஸ்டர் சோதனைக் குறிப்பு எழுதச் சொல்வார்களே, அதுபோல் நான் ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தேன். நாமக்கல் போய்வந்த மூன்று தடவையும் குறையில்லை. மலை ஏறும்போதும் இல்லை. இறங்கும்போது, அதுவும் பாதி வழிக்குக் கீழேதான்.

நாமக்கல்லில் அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பெரியவர் இருக்கிறார். நாற்பது வருடம் லாரி ஓட்டியவர். நோட்டைப் படித்துவிட்டு, "இது சூட்டுல வர்ற வியாதி கண்ணு. ஆறின வண்டியைப் பார்த்தா எப்படித் தெரியும்?" என்றார்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுமாம். சாதாரண டாட் 3 ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் சேரச் சேர அந்த அளவு 140 வரைகூட இறங்கிவிடும். மலையிறக்கத்தில் ஓயாமல் மிதித்தால் டிரம் சூடேறி, ஆயில் கொதித்து, குழாயில் ஆவி உண்டாகும். ஆவி அமுங்கும், ஆயில் அமுங்காது. அதனால்தான் பெடல் இறங்கிவிடுகிறது. ஆறியதும் ஆவி மறுபடி நீராகிவிடுவதால் தடயமே இருப்பதில்லை.

"ஏனுங்க, கடைசியா ஆயில் எப்ப மாத்துனீங்க?"

"பொங்கலுக்கு, வீல் சிலிண்டர் மாற்றும்போது. வீட்டில் இருந்த டின்தான்."

"டின்னு மூடியிருந்துச்சுங்களா?"

எனக்கு நெஞ்சு படபடத்தது. ஐப்பசி மழைக்கு முன்பே அதை மூடி வைக்கச் சொல்லியிருந்தார் அப்பா. நான் மறந்துவிட்டேன். மழைக்காலம் முழுவதும் அது ஷெட்டில் திறந்தே கிடந்தது. உண்மையைச் சொன்னேன். அப்பா ஒன்றும் சொல்லாமல் என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

பெரியவர் பழைய ஆயிலை முழுவதும் வெளியேற்றி, சீல் பிரிக்காத டின்னிலிருந்து ஊற்றினார். நான் பெடலை மிதிக்க, அவர் பின்பக்க இடது சக்கரத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகக் காற்று எடுத்தார். "ஏறின கியர்லயே இறங்குங்க, பிரேக்கை விட்டு விட்டு மிதிங்க" என்று அப்பாவுக்கும் ஒரு பாடம் கிடைத்தது!

அடுத்த ஞாயிறு பூசை முடிந்து அப்பாவும் நானும் மட்டும் ஏற்காடு போய் இறங்கினோம். 20 வளைவிலும் பெடல் கல் போல் நின்றது. வீட்டுக்கு வந்ததும் மீதி ஆயில் டின்னின் மூடியை நானே இறுக்கினேன். அப்பா வந்து இன்னொரு தடவை திருகிப் பார்த்தார்.