பாலத்தின் மேல் வந்த பெட்ரோல் வாடை

உங்கள் வீட்டு வாசலில் பழைய கார் ஏதேனும் நிற்குமாயின், இதைச் சற்றுப் பொறுமையுடன் படிக்க வேண்டுகிறேன். கார் இல்லாதவர்கள், வைத்திருக்கும் உறவினருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

என்னிடம் இருப்பது 1996-இல் வாங்கிய பிரிமியர் பத்மினி. இத்தாலி நாட்டு பியட் 1100-இன் வழிவந்த வண்டியாதலால், பாலக்கரையில் எங்கள் தெருவார் இன்றும் அதைப் 'பியட்டு' என்றே அழைக்கின்றனர். என் பிள்ளைகள் பள்ளி சென்றதும், மூத்த மகள் மணமாகிப் புகுந்த வீடு சென்றதும் அதில்தான். விற்க மனம் வரவில்லை.

சென்ற மழைக்காலத்தில் ஒரு மாலை, ஸ்ரீரங்கம் உத்திர வீதியில் வாழும் பழைய அலுவலக நண்பரைக் காண மனைவியுடனும் பேத்தியுடனும் புறப்பட்டேன். சிந்தாமணியைக் கடந்து காவிரிப் பாலத்தில் ஏறியதும் வாகனங்கள் நெருக்கியடித்து நின்றன. "பெட்ரோல் வாடை அடிக்குதே" என்றாள் மனைவி. முன்னால் நிற்கும் ஆட்டோவாக இருக்கும் என்று சொல்லி அவள் வாயை அடைத்தேன். மாம்பழச் சாலையில் இறங்கியபோது வாடை கண்ணைக் கரித்தது. ஓரங்கட்டி பானெட்டைத் திறந்தேன். பெட்ரோல் பம்பிலிருந்து கார்ப்புரேட்டருக்குச் செல்லும் ரப்பர் குழாய் வெடித்து, கொதித்துக் கிடந்த எஞ்சின் மீது சொட்டுச் சொட்டாக வடிந்துகொண்டிருந்தது. பேத்தியோ பின் இருக்கையில் உறங்கிக்கொண்டிருந்தாள். இன்னும் பத்து நிமிடம் பாலத்திலேயே நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எழுத என் கை கூசுகிறது.

திருவானைக்கோவிலில் இருக்கும் எங்கள் மெக்கானிக்கிடம் வண்டியை இழுத்துச் சென்றேன். கோபத்தோடு, "போன வருஷம்தானே இந்த டியூபை மாத்துனீங்க, அண்ணே?" என்றேன். அவர் அதை நீளவாக்கில் அறுத்து என் கையில் வைத்தார். உட்புறம் ஊறிய தோல்போல் உப்பிக் கொழகொழத்திருந்தது. "டியூபு புதுசுதான் பாய். ஆனா பழைய காலத்து ரப்பர். பெட்ரோல்தான் மாறிப்போச்சு" என்றார்.

பிறகு ஒரு கண்ணாடிக் குப்பியில் 100 மில்லி பெட்ரோலும் 20 மில்லி தண்ணீரும் ஊற்றிக் குலுக்கி வைத்தார். சற்று நேரத்தில் அடியில் தேங்கிய தண்ணீர் 40 மில்லியை நெருங்கிவிட்டது. பெட்ரோலில் கலந்திருந்த எத்தனால், அதாவது எரிசாராயம், தண்ணீரோடு சேர்ந்து கீழே இறங்கிவிட்டது. ஒரு சொட்டு நுழையாத வீட்டில் வண்டி மட்டும் குடிக்கிறதா என்று என் மனைவி கேட்டாள். மார்க்கத் தீர்ப்பு ஆலிம்களின் பொறுப்பு. என் கவலையெல்லாம் ரப்பர் குழாயைப் பற்றியது.

இது திடீரென வந்ததன்று. நம் நாட்டில் 2003-இலேயே சில மாநிலங்களில் 5 சதவீதக் கலப்பு தொடங்கிற்று. 2022-இல் அது 10 சதவீதத்தை எட்டியது. 2023 பிப்ரவரியில் 20 சதவீதக் கலப்பு விற்பனைக்கு வந்து, 2025-இல் நாடெங்கும் பரவியது. பிரேசில் நாட்டில் 1979-லேயே பியட் 147 என்ற கார் முழுக்க எரிசாராயத்தில் ஓடியது. ஆனால் அந்த வண்டி அதற்கெனவே செய்யப்பட்டது. என் பத்மினி அப்படியன்று.

வண்டி ஒரு வாரம் பட்டறையில் கிடந்தது. முதலில், தொட்டி முதல் கார்ப்புரேட்டர் வரையுள்ள ரப்பர் குழாய்கள் அனைத்தும் மாற்றப்பட்டன. சாதாரண ரப்பர் எத்தனாலில் உப்பும்; காய்ந்ததும் வெடிக்கும். ஆகவே வைட்டான் எனும் புளோரின் ரப்பரை உட்பூச்சாகக் கொண்ட குழாயைத் தேடினோம். அதன்மேல் 'எஸ்.ஏ.இ. ஜே30 ஆர்9' என்று பொறித்திருக்கும். அதைப் பார்த்தே வாங்குங்கள். கடைக்காரர் வாய்வார்த்தை போதாது. பம்பின் டயாபிரம், கார்ப்புரேட்டர் கேஸ்கட், ஊசி வால்வு ஆகியவையும் மாறின. கார்ப்புரேட்டருள் வெண்பொடி படிந்திருந்தது. ஈரமேறிய எத்தனால் உலோகத்தை அரித்ததன் அடையாளம். தொட்டியைக் கழற்றிக் கழுவினார்கள். எத்தனால் பழைய கசடையெல்லாம் கிளறிவிடுமாதலால், பில்டரை உடனே ஒன்றும் சில நூறு கிலோமீட்டர் கழித்து மற்றொன்றுமாக இருமுறை மாற்றச் சொன்னார்.

கடைசியாக ஜெட். ஒரு பங்கு பெட்ரோல் எரிய எடையில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். புதிய வண்டிகளில் புகைக்குழாயிலுள்ள உணர்கருவி கண்டறிந்து கணினி சரிசெய்துகொள்கிறது. என் கிழவிக்கு அந்த வசதி ஏது? சற்றுப் பெரிய துளையுள்ள ஜெட்டைப் பொருத்தியதும் இருமல் நின்றது. லிட்டருக்குப் 13 கிலோமீட்டர் ஓடியது இப்போது 12 தான் ஓடுகிறது. எத்தனாலின் எரிதிறன் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு. அதை எந்த மெக்கானிக்காலும் மாற்ற இயலாது.

வளைகுடாவிலிருந்து ஆண்டுக்கொருமுறை வரும் மகனுக்காகக் காரை ஷெட்டில் பூட்டி வைத்திருப்போரே, உங்களுக்குத்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். பாதித் தொட்டி எரிபொருளோடு மாதக்கணக்கில் நிறுத்தாதீர்கள். காலியிடத்துக் காற்றின் ஈரத்தை எத்தனால் உறிஞ்சும். அளவு மீறினால் குப்பியில் கண்டதுபோல் பிரிந்து அடியில் தங்கும். பம்ப் முதலில் உறிஞ்சுவது அந்த அடித் தண்ணீரைத்தான். தொட்டியும் துருவேறும்.

ஒரு மனக்குறையும் உண்டு. 2023 ஏப்ரல் முதல் தயாரான வண்டிகள் 20 சதவீதத்தைத் தாங்கும் பொருட்களால் ஆனவை. அதற்கு முந்தையவற்றின் செலவு உடையவர் தலையில்தான் விழுகிறது. கலப்பற்ற பெட்ரோலையும் வாங்கும் உரிமை கேட்டுத் தொடுத்த வழக்கை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் தள்ளுபடி செய்தது. கரும்பும் மக்காச்சோளமும் விளைவிக்கும் உழவருக்கு விலை கிடைப்பதை நான் குறை கூறவில்லை. "உன் வண்டியின் குழாயைப் பார்" என்று பங்கில் ஒரு பலகையாவது தொங்கவிட்டிருக்கலாம் அல்லவா?

வண்டி திரும்பிய மறுநாளே ஸ்ரீரங்கம் போனோம். பாலத்தில் ஏறியதும் மனைவி பேச்சை நிறுத்தி, மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள். இப்போது ஒவ்வொரு முறையும் அப்படித்தான் செய்கிறாள். நானும் முன்னால் நிற்கும் ஆட்டோவின் மேல் பழி போடுவதில்லை.