கூப்பிட்ட குரலுக்கு

குரலுக்குக் கட்டுப்படும் ஸ்பீக்கரை வீட்டில் வாங்கி வைப்பவர்கள் யார், அதோடு பேசுகிறவர்கள் யார் என்று ஒரு நண்பர் கேட்டார். அவர் எதிர்பார்த்தது புள்ளிவிவரம். அமெரிக்காவில் 2022இல் வயது வந்தவர்களில் 35 சதவீதம் பேரிடம் இந்தக் கருவி இருந்ததாக ஒரு கணக்கெடுப்பு சொல்கிறது. இம்மாதிரிக் கணக்குகளில் வாங்குகிறவரும் பேசுகிறவரும் ஒரே ஆளாகிவிடுகிறார்கள். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. வாங்கியவன் என் தம்பி. நியூ ஜெர்ஸியில் இருக்கிறான். பேசியவள் அம்மா, கும்பகோணத்தில் தனியாக இருக்கிறாள். நடுவே சென்னையில் நான்.

அமேஸான் தன் எக்கோவை அமெரிக்காவில் அறிவித்தது 2014 நவம்பரில். இந்தியாவுக்கு அது 2017இல் வந்தது. கூகிளின் ஸ்பீக்கர் 2018இல். அப்பா இறந்த மறு வருஷம், 2019 தீபாவளிக்கு, தம்பி இந்த வகையில் ஒன்றை அம்மாவுக்கு வாங்கி அனுப்பினான். எந்தக் கம்பெனியுடையது என்பது இங்கே முக்கியமில்லை. எங்களுக்கு வந்த கருவிக்குத் தமிழ் தெரியாது. அதனால் தம்பி போனில் சொல்லச் சொல்ல, நான் ஒரு காகிதத்தில் இங்கிலீஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கூடத்துச் சுவரில் ஒட்டினேன். ‘வாட் டைம் இஸ் இட்.’ ‘ப்ளே சுப்ரபாதம்.’ ‘ஸ்டாப்.’ மூன்று வரிகள். அடுத்த முறை போனபோது நாலாவதாக ஒரு வரி சேர்ந்திருந்தது. அம்மாவின் கையெழுத்து: ‘தேங்ஸ்.’

கருவிக்கு ஒரு பெயர் உண்டு. பெயரைச் சொன்னால்தான் விழிக்கும். அதுவரை பெயருக்காக மட்டும் காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். பெயர் காதில் விழுந்ததும், பின்னால் வருகிற பேச்சு கம்பெனியின் கணிப்பொறிகளுக்குப் போகிறது. அங்கே எழுத்தாக மாறி, அர்த்தம் பண்ணப்பட்டு, பதில் ஒரு பெண்குரலாகத் திரும்பி வருகிறது.

பெயர் சொல்லிக் கூப்பிடுவது அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. ஐம்பத்து மூன்று வருஷங்கள் அவள் அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பாவும் அவளை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. ‘இந்தா’ என்பார். பல சமயம் அதுவும் இல்லை. நாற்காலியிலிருந்து ‘காப்பி’ என்று ஒரு சொல் புறப்படும், காப்பி வரும். ‘கண்ணாடி’, ‘பேப்பர்’, ‘விசிறி’. வினைச்சொல்லே தேவைப்படாத இலக்கணம் அது. யுனெஸ்கோ 2019இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. இந்தக் கருவிகளுக்குப் பெண்குரலையே வைப்பது, ஏவினதைச் செய்வது பெண்ணின் குணம் என்கிற எண்ணத்துக்குப் பலம் சேர்க்கிறது என்று அதில் கண்டித்திருந்தார்கள். படித்தபோது அந்த நாற்காலி ஞாபகம் வந்தது. குரலுக்குக் கட்டுப்படுவது எங்கள் கூடத்தில் 1965 முதல் நடந்துகொண்டிருந்த விஷயம்தான். ஏவப்பட்டவள் இப்போது ஏவ ஆரம்பித்தாள், அவ்வளவே. ஏவுவதற்கு ஒரு பெயரையும் முடிப்பதற்கு ஒரு தேங்ஸையும் அவள் வைத்துக்கொண்டாள். அப்பாவுக்கு இரண்டுமே வேண்டியிருக்கவில்லை.

ஆரம்பத்தில் அவள் பேச்சு அதற்குப் புரியவில்லை. 2020இல் அமெரிக்காவில் ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். அமேஸான், ஆப்பிள், கூகிள், ஐபிஎம், மைக்ரோஸாஃப்ட் ஆகிய ஐந்து கம்பெனிகளின் பேச்சறியும் முறைகளைச் சோதித்தார்கள். சராசரியாக, வெள்ளையர் பேச்சில் நூற்றுக்கு 19 சொற்களில் பிழை. கறுப்பர் பேச்சில் 35. ஆங்கிலமே தாய்மொழியாக உள்ளவர்களுக்கு இந்தக் கதி. அம்மா அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.ஸி. ‘டைம்’ என்பதை நாக்கை எங்கே வைத்துச் சொன்னால் கருவி ஒப்புக்கொள்கிறது என்று தினம் சொல்லிப் பார்த்து, மூன்று மாதத்தில் கண்டுபிடித்தாள். மெஷின் நன்றாகக் கற்றுக்கொள்கிறது என்று தம்பி சந்தோஷப்பட்டான்.

இன்னொருத்தியும் பேசினாள். வீட்டு வேலைக்கு வரும் பெண். அம்மா கொல்லைப்பக்கம் இருக்கும்போது சினிமாப் பாட்டு கேட்பாள். படத்தின் பெயரைச் சொன்னால் போதும், கருவி பாடிவிடும். எங்கள் வீட்டில் அவள் இட்ட முதல் கட்டளை அதுவாகத்தான் இருக்கும். ஒரு நாள் தம்பி போனில் கேட்டான்: “காலையில பத்து மணிக்கு சினிமாப் பாட்டு கேக்கறது யாருண்ணா?”

பேசினதெல்லாம் அவன் கணக்கில் பட்டியலாகச் சேர்கிறது என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நேரம், கேட்ட கேள்வி, சொன்ன பதில், தொட்டால் குரலும். “அம்மாவாத்தான் இருக்கும்” என்றேன். அவன் குரலைத் தொட்டுக் கேட்டானா என்று நான் கேட்கவில்லை.

1966இல் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைஸன்பாம் என்பவர் எலிஸா என்று ஒரு புரோகிராம் வெளியிட்டார். தட்டச்சில் நாம் சொல்வதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும். அவர் அதை உருவாக்குவதைப் பல மாதங்கள் பார்த்துக்கொண்டிருந்த அவருடைய செக்ரட்டரி, அது வெறும் புரோகிராம் என்று நன்றாகத் தெரிந்தவள், கொஞ்ச நேரம் அதோடு பேசியபின் அவரை அறையைவிட்டு வெளியே போகச் சொன்னாளாம். இயந்திரத்தை மனுஷன் என்று நினைத்துவிடும் பேதைமைக்கு உதாரணமாக இதைச் சொல்வது வழக்கம். எனக்கு வேறு மாதிரிப் படுகிறது. கேட்பது இயந்திரமாகவே இருந்தாலும் பேச்சு அந்தரங்கமானதுதான் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அறையில் யார் நிற்கிறார் என்றும் தெரிந்திருந்தது. அம்மாவுக்கு இரண்டாவது தெரியாது. அமேஸான் ஊழியர்கள் பாஸ்டனிலும் கோஸ்டா ரிக்காவிலும் இந்தியாவிலும் ருமேனியாவிலும் உட்கார்ந்து வாடிக்கையாளரின் பதிவுகளில் சிலவற்றைக் கேட்கிறார்கள் என்று 2019 ஏப்ரலில் செய்தி வந்தது. பலரும் பதறினார்கள். முகமறியாதவன் கேட்பது ஒரு விதத்தில் ரயிலில் பக்கத்து ஸீட்காரன் கேட்பது மாதிரி. பெற்ற பிள்ளை கேட்பது அப்படியல்ல.

2021 ஜூலையில் தம்பி மறுபடி கூப்பிட்டான். “அம்மா தூங்கறதே இல்ல போலிருக்கு.” பட்டியலைப் படித்தான். ராத்திரி 1.50, மணி என்ன. 2.40, மணி என்ன. 3.15, மணி என்ன. இங்கே மூன்று மணி என்றால் கோடைக்காலத்தில் அவனுக்கு மாலை ஐந்தரை. ஆபீஸிலிருந்து திரும்பும் ரயிலில் அவன் இதைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான். 3.15க்கும் நாலுக்கும் நடுவே ஒரு பதிவு. அதற்கு எதிரே கேள்வி இல்லை, பதில் இல்லை. கருவியை நோக்கிச் சொல்லப்பட்ட பேச்சல்ல என்று குறிப்பு மட்டும். தம்பி அதைத் தொட்டு எனக்குப் போட்டுக் காட்டினான். மின்விசிறிச் சத்தம். கருவியின் பெயர். பிறகு தமிழில், அம்மா: “இன்னும் விடியலையா?”

கவிதை யாரை நோக்கிப் பேசுகிறது என்று நாம் நிறையச் சண்டை போட்டிருக்கிறோம். வாசகனை நோக்கியா, தன்னை நோக்கியா, அங்கில்லாத ஒருவரை நோக்கியா என்று. அந்தக் குறிப்பை எழுதிய இயந்திரத்துக்கு இந்தச் சந்தேகமெல்லாம் இல்லை. தனக்கானதல்ல என்ற மட்டில் அதற்குத் தெளிவு. எங்களுக்கானதும் அல்ல என்பதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் அப்போது தோன்றவில்லை.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது அம்மாவிடம் சொல்லிவிட்டேன். சொல்லாமலிருப்பது ஏமாற்று என்று எனக்கு ஒரு எண்ணம். “நீ அதுகிட்டப் பேசறதெல்லாம் தம்பிக்குத் தெரியும்மா.” துணி மடித்துக்கொண்டிருந்தவள், “அப்படியா” என்றாள். மிச்சத் துணியையும் மடித்து வைத்தாள். “அந்தப் பொண்ணு பாட்டுக் கேட்டதுமா?” என்றாள். ஆமாம் என்றேன்.

அதற்குப் பின் பட்டியலில் ராத்திரிகள் காலி. காலை ஐந்தரைக்கு சுப்ரபாதம். மத்தியானம் நாலு மணிக்கு ஒரு தடவை, மணி என்ன. சினிமாப் பாட்டும் நின்றுவிட்டது. “அம்மா இப்ப நல்லா தூங்கறாங்க” என்று தம்பி சொன்னான். அவன் குரலில் நிம்மதி இருந்தது. வாங்கிக் கொடுத்ததற்குப் பலன் கிடைத்துவிட்டது என்கிற நிம்மதி. நான் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை.

நண்பருக்கு என் பதில் இதுதான். பக்கத்தில் இருக்க முடியாதவன் வாங்குகிறான். பக்கத்தில் யாரும் இல்லாதவள் பேசுகிறாள். அவளுக்கு அதில் கிடைத்தது, ராத்திரி மூன்று மணிக்கு யாரையும் எழுப்பாமல் ஒன்றைக் கேட்கலாம் என்கிற சௌகரியம். அதைப் பறித்தவன் தம்பியல்ல. அவன் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தான். கேட்கிறான் என்று போய்ச் சொன்னவன் நான்.

அம்மா ராத்திரியில் தூங்குகிறாளா என்று இப்போது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு வழி இருக்கிறது. கும்பகோணம் போய் அந்தக் கூடத்தில் பாயைப் போட்டுப் படுப்பது. அதற்கு லீவு போட வேண்டும். இன்னும் போடவில்லை.