ஒன்றரைச் சுற்று

உழைத்துப் பழகிய கைகளுக்கு ஓய்வு பரிசாக வருவதில்லை. பெரும்பாலும் தண்டனையாகவே வருகிறது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இரும்போடும் எண்ணெயோடும் உறவாடிய கைகள், ஒரு நாள் காலையில் செய்வதற்கு ஒன்றுமின்றி மடியில் கிடக்கும்போது, மனிதன் தன் வீட்டிலேயே தன்னை ஒரு விருந்தாளியாக உணரத் தொடங்குகிறான். பிரிக்பீல்ட்ஸ் வட்டாரம் அத்தகைய கைகளைப் பலமுறை கண்டது. 1886ஆம் ஆண்டில் கோலாலம்பூரையும் கிள்ளானை அடுத்த புக்கிட் கூடாவையும் இருப்புப்பாதை இணைத்தது. அதன்பின் தண்டவாளம் போட்டவர்கள், இயந்திரம் ஓட்டியவர்கள், பணிமனையில் பழுது பார்த்தவர்கள் எனத் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் பலர் அந்த வட்டாரத்தில் வாழ்ந்தனர்.

அவர்களுள் ஒருவர், செந்தூல் இரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர். ஓய்வுபெற்ற மூன்றாம் ஆண்டில் அவருடைய வலக்கை விரல்களில் மெல்லிய நடுக்கம் தோன்றியது. வயதினால் வருவது, அஞ்ச வேண்டியதில்லை என்றார் மருத்துவர். அச்சம் நோயைப் பற்றியதன்று. பிறர் கண்களைப் பற்றியது. அவர் தேநீர்க் குவளையை இடக்கைக்கு மாற்றிக்கொண்டார். கையெழுத்திட வேண்டிய இடங்களுக்குப் போவதைத் தவிர்த்தார். மனைவி இவற்றையெல்லாம் கண்டும் காணாதவராக இருந்தார்.

பெரியவருக்கு மீன்பிடிப்பு பழைய பழக்கம். பூச்சோங்கிலும் சுங்கைவேயிலும் ஈயம் தோண்டி விடப்பட்ட குட்டைகளில், மண்புழுவைக் கோத்து விராலும் திலாப்பியாவும் பிடித்தவர். ஆனால் இறகைக் கட்டி மீன் பிடிக்கலாம் என்பதைக் கிள்ளானிலிருந்து வந்த பழைய சகதொழிலாளி ஒருவரே அவருக்குக் காட்டினார். அவர் மேசையில் பொருத்தும் சிறிய வைஸ் ஒன்றையும், தூண்டில் முட்கள் ஒரு பொட்டலத்தையும், மாதிரிக்கு ஓர் ஈயையும் கொடுத்துவிட்டுப் போனார். "அண்ணே, வைஸ் பிடிக்க உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?" என்பதே அவர் தந்த முதற்பாடம்.

அந்த ஈ பார்ப்பதற்கு மிக எளியது. முள்ளின் தண்டில் ஆரஞ்சுப் பட்டுநூல், தலைப்பக்கம் கௌதாரி இறகில் ஓரிரு சுற்று, அவ்வளவே. 'பார்ட்ரிட்ஜ் அண்ட் ஆரஞ்சு' என்பது அதன் பெயர். இங்கிலாந்தின் வடபகுதி ஆறுகளில் பிறந்த மென்னிறகு ஈக்களின் குலத்தைச் சேர்ந்தது. 1496ஆம் ஆண்டில் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சான தூண்டில் நூல் ஒன்று 12 ஈக்களை விவரிக்கிறது. அவற்றுள் முதலாவதிலேயே கௌதாரி இறகு இடம்பெறுகிறது. யார்க்ஷயர் ஈக்களைத் தொகுத்து டி. இ. பிரிட் 1885இல் நூல் எழுதினார். மறக்கப்பட்டு வந்த அந்த மரபுக்கு, அமெரிக்கரான சில்வெஸ்டர் நெம்ஸ் 1975இல் வெளியிட்ட நூல் புத்துயிர் அளித்தது.

இத்தனை எளிய பொருளில் மீன் எதைக் காண்கிறது? ஆற்றுப் பூச்சிகள் பல நீருக்கடியிலேயே வளர்ந்து, பருவம் வந்ததும் மேலெழுந்து, தோல் உரித்துச் சிறகு விரிக்கின்றன. அவ்வாறு எழும் வேளையில் அவை முழுமையாக நீந்துவதுமில்லை, பறப்பதுமில்லை. மீனுக்கு அதைவிட எளிய இரை வேறில்லை. விறைப்பான சேவல் இறகு நீர்மேல் மிதக்கும் ஈக்கு ஏற்றது. கௌதாரி, பெட்டைக்கோழி ஆகியவற்றின் மெல்லிய இறகோ நீரை உறிஞ்சி அமிழ்கிறது. ஒவ்வோர் இழையும் நீரோட்டத்தில் மூச்சு விடுவதுபோல் விரிந்து மடிகிறது. பூச்சியின் உருவத்தை அது பெயர்த்துக் காட்டுவதில்லை; அதன் அசைவை மட்டும் காட்டுகிறது.

இது வெள்ளையரின் பொழுதுபோக்கு, தமிழனுக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்ட நண்பர்களும் உண்டு. கேள்வி நியாயமானதே. ஆனால் கி.பி. 200ஐ ஒட்டிய காலத்தில் எழுதிய ஏலியன் என்ற உரோமர், மாசிடோனிய மக்கள் முள்ளில் செந்நிறக் கம்பளி சுற்றிச் சேவலின் இறகு இரண்டை வைத்துக் கட்டியதைக் குறிக்கிறார். அந்தச் சேவலின் மூதாதையாகிய செங்காட்டுக்கோழி ஆசியக் காடுகளுக்கு உரியது. மலாயாக் காடுகளில் இன்றும் திரிகிறது. தென்னிந்திய மலைகளில் வாழும் சாம்பல் காட்டுக்கோழியின் கழுத்திறகை, அதிலுள்ள பளபளப்பான புள்ளிக்காகவே பிரித்தானியர் தங்கள் சால்மன் ஈக்களில் வைத்துக் கட்டினர். சென்னை மாகாணத்தில் ஆட்சிப் பணியில் இருந்த எச். எஸ். தாமஸ், இந்திய ஆறுகளில் தூண்டில் இடுவது பற்றி 1873இலேயே ஒரு நூல் வெளியிட்டார். கலையின் பெயர் கடல் கடந்து வந்திருக்கலாம். கோழி இந்தப் பக்கத்தது அன்றோ!

பெரியவர் கௌதாரிக்காகக் காத்திருக்கவில்லை. சந்தையில் கம்பத்துக் கோழி விற்பவரிடம் சொல்லிவைத்து, பழுப்புப் புள்ளியுள்ள பெட்டையின் கழுத்துத் தோலை வாங்கினார். சவர்க்கார நீரில் கழுவி, நிழலில் உலர்த்தி, பூச்சி அரிக்காதிருக்கப் பாச்சை உருண்டையோடு டப்பாவில் அடைத்தார். கிள்ளான் தெங்கு கிளானா சாலைக் கடையொன்றில் பூவேலைப் பட்டுநூல் கிடைத்தது.

பொருள் சேர்ந்தது, கலை சேரவில்லை. பணிமனையில் அவர் கற்ற முதல் நெறி இறுக்குதல். தளர்ந்த மரை உயிரைக் குடிக்கும் என்று பழகிய கை, நூலையும் அவ்வாறே இறுக்கியது. நூல் அறுந்தது. அறாதபோது இறகின் தண்டு முறிந்தது. நடுக்கத்தை வெல்ல வேண்டும் என்ற பிடிவாதத்தில் இன்னும் அழுத்தினார், நடுக்கம் கூடியது. ஒரு சுற்றுக்குப் பதில் ஐந்து சுற்று இறகு சுற்றினார். விளைந்தது ஈயன்று, புட்டி கழுவும் தூரிகை. இரண்டு வாரத்தில் அவர் வைஸைக் கழற்றி அலமாரியில் வைத்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மாலைகளில் மனைவி பூசைக்கு மல்லிகை கட்டுவார். கணவர் குப்பைக்கூடையில் எறிந்திருந்த ஈயொன்றை எடுத்துப் பார்த்தவர், பூக்கட்டும் கையை நிறுத்தாமலே சொன்னார்: "என்னங்க, இவ்வளவு இறுக்கினா எதுவும் பிழைக்காது. காம்பைப் பிடிச்சா போதும். கழுத்தை நெரிக்கக் கூடாது."

நாற்பது ஆண்டுகள் கண்ணெதிரே நடந்த வேலையை அவர் அன்றுதான் பார்த்தார். விரல் நூலை இழுக்கவில்லை. நூல் விழுவதற்கு வழிகாட்டியது. முடிச்சு பூவைக் காயப்படுத்தவில்லை; அது நழுவாதபடி மட்டும் பார்த்துக்கொண்டது. மறுநாள் வைஸ் மீண்டும் மேசைக்கு வந்தது.

அதன்பின் கற்றது விரைவாக நடந்தது. நூற்கண்டைத் தாங்கும் பாபின் தன் எடையாலேயே நூலை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். இடையிடையே கையை எடுத்து ஓய்வு கொடுக்கலாம், நூல் தளராது. முள்ளின் வளைவு தொடங்கும் இடம்வரை பட்டுநூலை நெருக்கமாகச் சுற்றித் திரும்ப வேண்டும். இறகின் நுனியைக் கட்டி, இழைகளைப் பின்னோக்கி நீவி, ஒன்றரைச் சுற்று, மிஞ்சினால் இரண்டு. இறகுக்குப் பின்னால் முயல்முடியைச் சிறிது திரித்து வைத்தால் இழைகள் உடலோடு ஒட்டிப்போகாமல் விரிந்து நிற்கும். கடைசியில் நூலைத் தன்மேல் தானே சுற்றவிட்டு உள்ளே இழுத்துவிட்டால், முடிச்சு கண்ணுக்குத் தெரியாமல் மறைகிறது.

முதன்முதலாக உருப்படியாக அமைந்த ஈயைச் சோதிக்க, ஒரு கண்ணாடிக் குவளையில் நீர் எடுத்து அதில் நூலோடு தொங்கவிட்டார். குவளை வலக்கையில் இருந்தது, மறைக்க மறந்துவிட்டார். கையின் நடுக்கத்தில் நீர் அசைந்தது. நீரின் அசைவில் இறகிழைகள் விரிந்து மடிந்தன. மனைவி அருகே வந்து பார்த்தார். "உயிரோட இருக்கிற மாதிரியே இருக்கே!" என்றார். இருவரும் கையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. அன்று இரவு அவர் தேநீரை வலக்கையாலேயே குடித்தார்.

கோலகுபுபாருவை அடுத்த சிலிங் ஆற்றில் மீன் காப்பகம் உண்டு. அங்கே தூண்டில் போடத் தடை. அங்கு சென்று, தெளிந்த நீரில் மீன்கள் இரைக்கு எப்படித் திரும்புகின்றன என்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உலு லங்காட்டின் மேட்டு ஓடையொன்றில் ஈயை நீரோட்டத்தின் குறுக்கே விட்டார். அது வளைந்து இறங்கி நிற்கும் இடத்தில் ஒரு சாண் நீள மீன் கவ்வியது. முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் முன்பே நசுக்கியிருந்ததால், மீனை நோகாமல் விடுவிக்க முடிந்தது.

அவருடைய நடுக்கம் தீரவில்லை. தீரும் என்று அவர் எண்ணவுமில்லை. ஆயினும் விடுமுறைக்கு வரும் பேரன் இப்போது மேசையில் எதிரே அமர்கிறான். "தாத்தா, இன்னும் ஒரு சுற்று போடவா?" என்று கேட்கிறான். இளமைக்கு எப்போதும் இன்னும் ஒரு சுற்று வேண்டும். பெரியவர் தலையசைத்து மறுக்கிறார். போதும் என்று அறிந்து நிறுத்துவதே இந்தக் கலையில் கடினமான பகுதி. அதைக் கற்கத்தான் அவருக்கு அறுபது ஆண்டுகள் ஆயின.