பெயிண்ட் டப்பாவுக்குள் ஒரு கிரவுண்டு நிலம்!

பிரஷ்ஷால் இழுக்கும்போது பெயிண்ட் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். பூசிய பிறகு ஒரு சொட்டுகூட வழியக் கூடாது. மாதக்கணக்கில் டப்பாவில் கிடந்தாலும் அடியில் கட்டி தட்டக் கூடாது. என்ன ஒரு பேராசை! ஆனால் ஒரு வெள்ளைப் பொடி இதைச் செய்துகாட்டுகிறது. பெயர் ஃப்யூம்டு சிலிக்கா.

மணலில் பெரும்பகுதி எதுவோ அதேதான் இதுவும்: சிலிக்கன் டை ஆக்சைடு. பிறப்புதான் வேறு. 1940களில் ஜெர்மனியின் டெகுசா நிறுவனத்தில் ஹாரி க்ளோப்ஃபர் என்ற வேதியியலாளர், ரப்பரில் சேர்க்கும் கார்பன் கரிக்கு வெள்ளை நிற மாற்று தேடினார். சிலிக்கன் டெட்ராகுளோரைடு ஆவியை ஹைட்ரஜன் தீயில் எரித்தபோது பஞ்சு போன்ற பொடி கிடைத்தது. அதுதான் ஏரோசில். ஒரு கிலோ பொடி 20 லிட்டர் வாளியை நிரப்பிவிடும். லாரியில் எடை ஏறும் முன்பே இடம் தீர்ந்துவிடும்! வழக்கமான ரகத்தில் ஒரு கிராம் துகள்களின் மொத்தப் பரப்பு சுமார் 200 சதுர மீட்டர். அதாவது, ஒரு கிரவுண்டுக்குக் கொஞ்சம்தான் குறைவு.

அந்தப் பரப்பு முழுக்க ஹைட்ராக்சில் கைகள். துகள்கள் கைகோத்து, திரவத்துக்குள் வலை பின்னிக்கொள்கின்றன. பிரஷ் இழுத்தால் வலை அறுந்து பெயிண்ட் இளகும். நிறுத்தினால் மறுபடி கைகோத்து இறுகும். தக்காளி சாஸைக் குலுக்கினால் இறங்குகிறதே, அதே கதைதான்.

சிக்கல் என்னவென்றால், அதே கைகள் தண்ணீரையும் பிடித்துக்கொள்ளும். சிலிக்கோன் சீலன்ட் காற்றின் ஈரத்தில்தான் இறுகும். டியூபுக்குள்ளேயே ஈரம் புகுந்தால், ஜன்னலுக்குப் போகும் முன்பே அது கெட்டுவிடும். எபாக்சியிலோ, பிசினே அந்தக் கைகளைப் பற்றிக்கொள்வதால் வலை நாளடைவில் தளர்ந்துவிடும். அதனால் சிலேன் அல்லது சிலிக்கோன் எண்ணெயால் கைகளில் பெரும்பாலானவற்றை மூடிவிடுகிறார்கள். அதன்பின் பொடிக்கும் ஈரத்துக்கும் உறவு தாமரை இலைத் தண்ணீர்தான். நீரில் போட்டால் மிதக்கும்!

கூடுதல் வேலை என்பதால் விலையும் கூடுதல். சேர்ப்பது நூற்றுக்குச் சில பங்குதான் என்றாலும், செலவைக் குறைக்கச் சொன்னால் முதலில் கண்ணில் படும் வரி இதுவாக இருக்கலாம். இரும்புப் பாலத்துக்கு அடிக்கும் துத்தநாக பிரைமரை எடுத்துக்கொள்ளுங்கள். துத்தநாகம் தண்ணீரைப் போல 7 மடங்கு கனம். வலை பலவீனமானால் அடியில் தங்கிவிடும். நன்றாகக் கலக்காமல் மேலாக எடுத்து அடித்தால், காவலுக்கு இருக்க வேண்டிய உலோகம் டப்பாவின் அடியிலேயே உறங்கும். பாலத்துக்கோ சாயம் பூசிய திருப்தி மட்டும்.

மிச்சம் தெரிவது இந்த வருடக் கணக்கில். துரு தெரிவது சில வருடம் கழித்து, இன்னொருவர் கணக்கில்.